கடைசி நாலு அடி: ஹாலிபட் மீனும் ஒரு தோல் படகும்

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற டீச்சருக்குப் பாடவேளை முடிந்த மணி காதில் விழாது என்று உங்களுக்குத் தெரியும்தானே! பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் அலாஸ்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு. அதன் பக்கத்தில் தண்ணீரில் கதவுப் பலகை போல ஒரு தட்டை மீன். "டீச்சர், இது ஹாலிபட். என்கூட வேலை செய்யறவர் கயாக்ல போய்ப் பிடிச்சது. இவ்வளவு பெரிய மீனை இத்துனூண்டு படகுல எப்படி ஏத்தியிருப்பாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கீழே ஒரு கேள்வி. நாற்பது வருஷம் நான் கேள்வி கேட்டேன், இப்போது அவர்கள் முறை.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி மீனைப் பற்றியது மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீன். நம் கடற்கரையில் நாக்கு மீன் வாங்கியிருப்பீர்கள். அதே தட்டை மீன் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் ஹாலிபட். நம் கடலில் கிடைக்கும் "எருமை நாக்கு" என்ற மீனையும் ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட் என்பார்கள். 1801-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது நம்மூர் "எருமை"யை அப்படியே எடுத்து "எருமெய்" என்று சேர்த்துவிட்டார்கள். ஒரு மீனின் அறிவியல் பெயரில் தமிழ் எருமை படுத்திருக்கிறது! ஆனால் வட பசிபிக் ஹாலிபட்டின் அளவே வேறு. 8 அடிக்கு மேல் நீளம், 200 கிலோவுக்கு மேல் எடை என்று வளரக்கூடியது. பெரிய மீன்கள் எல்லாம் பெண் மீன்கள்.

குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். சில மாதங்களில் இடது கண் மெல்ல நகர்ந்து தலையைத் தாண்டி வலது பக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒருக்களித்த வாழ்க்கைதான். மேல் பக்கம் கடல் மண்ணின் நிறம், கீழ்ப் பக்கம் வெள்ளை. தரையோடு தரையாகக் கிடந்து, பக்கத்தில் வரும் இரையைப் பாய்ந்து பிடிக்கும்.

இனி படகு. அலாஸ்காவின் தென்மேற்கு முனையிலிருந்து ஆசியாவை நோக்கி 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு வரிசை வளைந்து போகிறது. அலூஷியன் தீவுகள். அட்லஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அங்கே வாழும் மக்கள் தங்களை உனங்கன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ரஷ்யர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் அலியூட். 8,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்கு மனிதர்கள் வாழ்ந்ததற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. அவர்களுடைய பழைய குப்பைமேடுகளைத் தோண்டினால் ஹாலிபட் எலும்பும் வருகிறது.

அந்தத் தீவுகளில் காற்றும் மூடுபனியும் உண்டு, மரம் கிடையாது. மரமே இல்லாத ஊரில் படகு எப்படிக் கட்டுவது? கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் கட்டைகளைப் பொறுக்கிச் சட்டம் செய்வார்கள். அதன்மேல் கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். சட்டம் செய்வது ஆண்கள், தோலைத் தைப்பது பெண்கள். தண்ணீர் புகாத தையல் போட வேண்டும். ஒரு தையல் விட்டுப்போனால் கடலுக்குப் போன கணவனோ பிள்ளையோ திரும்ப மாட்டான். அந்தக் குளிர்ந்த கடலில் விழுந்தவனுக்கு நிமிடக் கணக்குதான். மீன் பிடிக்கப் போனவர் பேர் வாங்கியிருப்பார், ஊசி பிடித்தவள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உனங்கன் மொழியில் அந்தப் படகுக்கு இக்யாஹ் என்று பெயர். ரஷ்யர்கள் பைதார்கா என்றார்கள். அடிச்சட்டத்தை ஒரே கட்டையாகச் செய்யாமல் மூன்று துண்டாக இணைப்பார்கள். அதனால் படகு அலையோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். கட்டியவர் படித்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை.

சரி, மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தூண்டில் எலும்பாலும் மரத்தாலும் செய்தது. கயிறு, கடலில் நீளமாக வளரும் கெல்ப் என்ற பாசியின் தண்டைப் பதப்படுத்திச் செய்தது, அல்லது விலங்குகளின் நரம்பைத் திரித்தது. தூண்டிலைக் கடலின் அடித்தரை வரை விட வேண்டும். மீன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே இழுத்து வருவது பாதி வேலைதான். ஹாலிபட் பல நேரம் ஒரு பலகையைப் போலச் சாதுவாக மேலே வரும். புதியவன் "அவ்வளவுதானா?" என்று நினைப்பான். படகும் வெளிச்சமும் கண்ணில் பட்ட நொடியில்தான் அதற்கு உயிர் வரும். ஒரே பாய்ச்சலில் கீழே இறங்கும். கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தவனின் கதி என்ன? அவனும் போவான், படகும் கவிழும். தளம் போட்ட பெரிய படகில் ஏற்றிய பிறகுகூட, உயிரோடிருக்கும் ஹாலிபட்டின் வாலடி ஆள் காலை முறித்துவிடும் என்று அங்குள்ள மீனவர்கள் பயப்படுவார்கள்.

ஆகவே கயாக்கில் போகிறவர்களுக்கு இன்றைக்கும் முதல் பாடம், உயிருள்ள மீனைப் படகில் ஏற்றாதே என்பதுதான். மீன் பாய்ந்தால் பாயவிட வேண்டும். இரண்டு மூன்று முறை மேலும் கீழும் போய்க் களைக்கட்டும். தலையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது, தூக்கினால் துள்ளும். பக்கத்தில் வந்ததும் எறி ஈட்டியைச் செவுள் பக்கமாகக் குத்துகிறார்கள். ஈட்டியின் முனை கழன்று மீனுக்குள்ளேயே நின்றுவிடும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவை இருக்கும். மீன் மிதவையை இழுத்துக்கொண்டு ஓடும், படகை இழுக்காது. பிறகு மண்டையில் கட்டையால் ஓர் அடி. செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, வாய்க்கும் செவுளுக்கும் கயிறு கோத்து, தலையையும் வாலையும் சேர்த்து வில் மாதிரி வளைத்துக் கட்டுவார்கள். வாலை வீச முடியாது. படகில் ஏறாத மீனைப் பக்கத்தில் கட்டிக் கரைக்கு இழுத்து வர வேண்டியதுதான்.

மாணவன் கேட்ட "எப்படி ஏற்றினார்கள்" என்பதற்குப் பதில் இதுதான். அவசரப்பட்டு ஏற்றவில்லை. மீனுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள அந்தக் கடைசி நாலு அடியில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

அதே கரையில் கிழக்கே போனால் திலிங்கித், ஹைடா என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரிய மரங்களைக் குடைந்த ஓடங்களில் போவார்கள். அவர்களுடைய ஹாலிபட் தூண்டில் ஒரு அதிசயம். இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்து "வி" எழுத்துப் போலக் கட்டுவார்கள். ஒன்று நன்றாக மிதக்கும் மரம், மற்றது கனமான மரம். அதனால் தூண்டில் தரையில் படாமல் சற்று மேலே நிற்கும். சின்ன மீனின் வாய்க்குள் அது போகாது, மிகப் பெரிய மீனின் வாயில் சரியாக மாட்டாது. நடுத்தர மீன்தான் சிக்கும். அதாவது ஓடத்தைக் கவிழ்க்கிற அளவுக்குப் பெரிய தாய் மீனும் தப்பிக்கும், வளரவேண்டிய குஞ்சும் தப்பிக்கும். பிடிப்பதற்கு முன்பே எதை விட வேண்டும் என்று தூண்டிலிலேயே முடிவு செய்திருக்கிறார்கள்!

1778 ஜூனில் கேப்டன் குக் இந்தக் கடலுக்கு வந்தார். ஒரு தீவின் அருகே கப்பல் நின்ற நேரத்தில் அவருடைய ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஹாலிபட் பிடித்தார்கள். சில மீன்கள் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. அந்தத் தீவுக்கு ஹாலிபட் தீவு என்றே பெயர் வைத்துவிட்டார். இன்றைக்கு அதன் பெயர் சனக். உனலாஸ்கா தீவில் ஒரு தலைவர் சாப்பிட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். அப்போதுதான் பிடித்த பெரிய ஹாலிபட்டின் தலையை ஓர் ஆள் வெட்டி, கடலில் அலசிக் கொண்டுவந்து, புல்லைப் பரப்பி வைத்து, கன்னத்துச் சதையைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுக்க, தலைவர் பச்சையாகவே ரசித்துச் சாப்பிட்டாராம். குக்குக்கு அது விநோதமாகப் பட்டிருக்கிறது. மீன் தலைக்குப் பந்தியில் சண்டை போடும் நம் வீட்டு ஆட்களுக்கு விநோதமாகப் படாது.

இந்த வித்தையை யார் கற்றுக் கொடுத்தார்கள்? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உனங்கன் பையனுக்கு ஆசிரியர், அவனுடைய தாய்மாமன்! சிறு வயதிலேயே மாமன் பொறுப்பு எடுத்துக்கொள்வார். கயாக்கில் கால் நீட்டி மணிக்கணக்கில் உட்கார வேண்டும் என்பதால் அதற்கேற்ப உடம்பைப் பழக்குவார். அலை, காற்று, பறவை எல்லாம் பாடம். பாடப்புத்தகமும் பரீட்சையும் இல்லை. ஆனால் தேறாதவன் உயிரோடு இருக்க மாட்டான்.

1824-இல் உனலாஸ்காவுக்கு இவான் வெனியாமினோவ் என்ற இளம் ரஷ்யப் பாதிரியார் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார். இவான் பான்கோவ் என்ற உனங்கன் தலைவரோடு சேர்ந்து, அந்த மொழிக்கு எழுத்து முறை உண்டாக்கினார். அந்த மக்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1840-இல் புத்தகமாக வந்தன. அவர்களுடைய படகில் திருத்தம் செய்ய ஒரு கணித வல்லுநருக்குக்கூட எதுவும் மிஞ்சாது என்கிற மாதிரி அதில் வியந்திருக்கிறார். கற்றுக் கொடுக்க வந்தவர், முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை.

ஆனால் அவர் வருவதற்கு முன்பே கேடு நடந்துவிட்டது. 1741-இல் பெரிங் என்பவரின் கப்பல் பயணத்துக்குப் பிறகு, கடல் நீர்நாய்த் தோலுக்காக ரஷ்ய வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1763-64 குளிர்காலத்தில் உனங்கன் மக்கள் எதிர்த்துக் கிளம்பி நான்கு கப்பல்களை அழித்தார்கள். அதற்குப் பழிவாங்க வந்தவர்கள் ஆட்களைக் கொன்றதோடு நிற்கவில்லை. படகுகளையும் ஈட்டிகளையும் உடைத்துப் போட்டார்கள். படகை உடைத்தால் வீட்டில் உலை கொதிக்காது என்று தெரிந்தே செய்தார்கள். மிஞ்சிய ஆண்களை, அவர்களுடைய கயாக்குகளோடேயே, நீர்நாய் வேட்டைக்குத் தொலைதூரம் கொண்டுபோனார்கள். மாமன்கள் வேட்டைக்குப் போய்விட்டால் மருமகனுக்கு யார் சொல்லித்தருவது? சண்டையாலும் பசியாலும் நோயாலும் மக்கள்தொகையில் பெரும்பகுதி அழிந்தது.

1867-இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. பிறகு வந்த பள்ளிக்கூடங்களில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. 1942 ஜூனில் ஜப்பான் அங்கே குண்டு போட்டு, அட்டு தீவைப் பிடித்து, அங்கிருந்த நாற்பது பேருக்கு மேல் ஜப்பானுக்குக் கொண்டுபோனது. அவர்களில் பாதிப் பேர் அளவுக்குத் திரும்பவில்லை. மற்ற தீவுகளில் இருந்த 880-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க அரசு "பாதுகாப்புக்காக" என்று கப்பலேற்றி, தென்கிழக்கு அலாஸ்காவில் பாழடைந்த பழைய மீன் பதப்படுத்தும் ஆலைகள் போன்ற இடங்களில் அடைத்தது. ஏறத்தாழ பத்தில் ஒருவர் அங்கேயே இறந்தார்கள். இறந்தவர்களில் முதியவர்கள் நிறைய. முதியவர்கள் என்றால் யார்? படகு கட்டத் தெரிந்தவர்கள், தையல் தெரிந்தவர்கள். 1988-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது.

அந்த மீனுக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். 1888-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த பாய்மரக் கப்பல்கள் பசிபிக் ஹாலிபட்டை வியாபாரத்துக்குப் பிடிக்க ஆரம்பித்தன. ரயில் வந்துவிட்டதால் ஐஸ் போட்டுக் கண்டத்தின் மறுபக்கத்துக்கு அனுப்ப முடிந்தது. முப்பது வருஷத்துக்குள் பக்கத்துக் கடல் பகுதிகளில் மீன் அருகிப்போனது. 1923 மார்ச் 2 அன்று கனடாவும் அமெரிக்காவும் ஹாலிபட் ஒப்பந்தம் போட்டன. குளிர்காலத்தில் 3 மாதம் பிடிக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான விதி. நம் கடலில் இப்போது 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது மாதிரி. அதுவரை கனடாவின் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் பிரிட்டன் கையெழுத்தும் வேண்டும். பிரதமர் மெக்கன்சி கிங் "எங்கள் மீனுக்கு எங்கள் கையெழுத்துப் போதும்" என்கிற நிலையில் உறுதியாக நின்றார். கனடா தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தம் அதுதான். ஒரு நாட்டின் சுதந்திரக் கதையில் இந்தத் தட்டை மீனுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் அந்த மீனை அளவோடு பிடித்துவந்த மக்களை அந்த மேசையில் யாரும் உட்கார வைக்கவில்லை.

கடந்த சில பத்தாண்டுகளாக உனங்கன் இளைஞர்கள் மறுபடியும் இக்யாஹ் கட்டுகிறார்கள். எப்படி? தாத்தாவிடம் கேட்டு மட்டும் முடியவில்லை. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய படகுகளை அளந்து, பழைய குறிப்புகளைப் படித்து, கட்டிப் பார்த்துத் தப்புத் திருத்திக் கட்டுகிறார்கள். தன் வீட்டு வித்தையைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் கதை. சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும்.

நான் வேலை பார்த்த கடலோரப் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா கட்டுமரம் வைத்திருந்தார். விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, தலையில் உப்போடு இரண்டாவது மணிக்கு வருவான். ஒருநாள் வாய்ப்பாடு தெரியாமல் நின்றபோது, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "படிக்கலைன்னா நீயும் கட்டுமரம்தான் தள்ளணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உலகத்துக்கே அந்தப் படகின் பெயரைக் கொடுத்தது நம் தமிழ்தான், "கேட்டமரான்" நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்று அடுத்த வாரம் பெருமையாகப் பாடமும் நடத்தினேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த அசிங்கம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இதை எழுதும் முன் அவனுக்குப் போன் செய்தேன். இப்போது பைபர் படகு வைத்திருக்கிறார். அவன் என்று எழுதி வந்த கை இங்கே அவர் என்று எழுதுகிறது. அலாஸ்கா போட்டோவை அனுப்பி, "கட்டுமரத்துல பெரிய மீன் மாட்டினா எப்படிப்பா ஏத்துவீங்க?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஏத்த மாட்டோம் டீச்சர். ஓட விடணும். கயித்தைக் கையில சுத்தக் கூடாது. களைச்சு வந்ததும் மண்டையில ஒண்ணு போட்டு, செவுள்ல கயிறு கோத்து மரத்தோட சேர்த்துக் கட்டி இழுத்துட்டு வந்துருவோம். அப்பா சொல்லிக்குடுத்தது" என்றார்.

நான் ஒரு வாரம் தேடிப் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

"உன் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவன் டிப்ளமோ படிக்கிறான் டீச்சர். கடலுக்கே வர்றதில்ல. இப்ப எங்க ஊர்ல மரம் கட்டத் தெரிஞ்சவங்க ரெண்டு பேருதான்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதான டீச்சர் அன்னிக்குச் சொன்னீங்க" என்று சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்புதான். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்றார்.

பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் மகன் படிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படிப்பைக் கொடுக்கிற கை, அப்பனிடம் இருக்கிற படிப்பைத் தட்டிப் பறிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதை நான் செய்திருக்கிறேன். உனங்கன் தீவுகளில் படகை உடைத்தவர்கள் கோடாலியால் உடைத்தார்கள். நான் ஒரு வாக்கியத்தால்.

அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போகப்போகிறேன். மரம் கட்டத் தெரிந்த அந்த இரண்டு பேரிடமும் உட்கார்ந்து, எந்த மரம், எத்தனை கட்டை, எந்த முடிச்சு என்று எழுதிக்கொண்டு வரப்போகிறேன். நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் கூட வாருங்கள், போன் செய்யுங்கள். உங்கள் அப்பா, தாத்தா, அம்மா, பாட்டி கையில் இருந்த வித்தை எதுவாக இருந்தாலும் கீழே நாலு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்